இரண்டே கால் விமானம்

முதலில் ஒரு படிவம்.
பெயர் செலின் பாக்கியமேரி, வயது நாற்பத்தாறு, ஊர் பம்மல்.
படுத்தபின் எத்தனை நிமிடத்தில் தூங்குகிறீர்கள்?
பதினைந்து, முப்பது, அறுபது, அதற்கு மேல்.
அதற்கு மேல் என்பதைத் தொட்டேன்.
அதற்கு மேல் எவ்வளவு என்று கேட்க
படிவத்தில் இடமில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
ஒன்று ஐம்பதுக்கு ஒரு விமானம் தாழ வரும்,
ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடிக்கும்.
இரண்டே காலுக்கு இன்னொன்று.
மூன்று நாற்பதுக்குப் பால் வேன்,
எதிர்வீட்டு நாய் அதற்கு மட்டும் குரைக்காது.

ஆபீசில் ஒருத்தி சொன்னாள், ஆடுகளை எண்ணு அக்கா என்று.
நாகல்கேணியில் தோல் கம்பெனிக் கணக்கு எழுதுகிறேன்.
பகல் முழுக்க ஆட்டுத்தோல்தான் எண்ணுகிறேன்.

டாக்டர் ஹசீனா திரைக்குள் வந்தார்.
முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி,
அதன்மேல் மடிக்காத துணிக் குவியல்.
அதைப் பார்த்ததும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.
படுத்துட்டு என்ன யோசிப்பீங்க என்றார்,
என்றதும் அப்படியே உறைந்துபோனார்,
வாய் பாதி திறந்து, ஒரு கண் பாதி மூடி.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
அந்த முகத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.
தங்கை ரோஸ்லின் கூப்பிட்டது,
நான்கு முறை கூப்பிட்டது,
போன் தலையணைக்கடியில் ஊமையாகக் கிடந்தது,
நான் தூங்கிக்கொண்டிருந்தது,
அடித்துப் போட்டாற்போல் அப்படி ஒரு தூக்கம்,
காலையில் திருப்பிக் கூப்பிட்டபோது
வேறு யாரோ எடுத்தது.

ஹலோ, கேக்குதா? கடைசியா சொன்னது விட்டுப்போச்சு.

ஒண்ணுமில்ல மேடம், ஆபீஸ் டென்ஷன்தான்.

சிகிச்சை என்றால் மாத்திரை என்றிருந்தேன்.
இரவு ஒரு மணிக்கு முன் படுக்கக் கூடாது என்றார்.
ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும்.
இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால்
கட்டிலை விட்டு இறங்கிவிட வேண்டும்.
பசி என்று போனவளைப் பட்டினி போடுகிற வைத்தியம்.
அடுக்களையில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன்.
மூன்று வாரத்துக்கான பூண்டு.
தண்ணீர் குடிக்க வந்த அருளப்பன் பார்த்துவிட்டு
இதுக்கா எண்ணூறு ரூபாய் என்றார்.
போய்ப் படுத்த அரை நிமிடத்தில் குறட்டை.
அந்த மனிதர் பக்கத்தில் படுப்பதே
மழையில் நனைகிறவனைக் கூரைக்கு உள்ளேயிருந்து பார்ப்பதுபோல,
இல்லை, நான்தான் வெளியே.

கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்தீர்களா?
தினமும் அந்தக் கேள்விக்கு ஆம் என்று தொட்டேன்.
தொட்டதும் அதே கைபேசியில்தான்,
போர்வைக்குள் இருந்தபடி.

நான்காவது சந்திப்பு, சனிக்கிழமை, சாயங்காலம்.
துணிக்குவியல் அதே நாற்காலியில்,
மேலே புதிதாக ஒரு குழந்தைச் சட்டை.
உங்க தூக்கக் குறிப்புல ஒண்ணு இடிக்குதே என்றார்.
பதறவில்லை. சொன்னேன்.
முதல் தடவை சொன்ன வரிசையிலேயே,
நான்கு முறை என்பதை இரண்டு முறை சொன்னேன்.
டாக்டர் முகம் அசையவில்லை.
மறுபடியும் நெட் போய்விட்டது, அப்பாடா, என்று நினைத்தேன்.
அப்புறம் இமைத்தார்.

வெளியே வைக்கச் சொல்லவில்லை இம்முறை.
சத்தமா வையுங்க, முழு சத்தம்.
ஆனா கைக்கு எட்டக் கூடாது.
அது கூப்பிட்டா எழுப்பும். எழுப்புறது அதோட வேலை.

அதுகூடத் தெரியாதா எனக்கு.
தெரிந்ததை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல
இத்தனை வாரம் ஆகிறது.

பீரோ மேல் வைத்தேன். நாற்காலி போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும்.
ஒரு மணிக்குப் படுத்தேன்.
ரோஸ்லின் நினைவு வந்தது, போகவில்லை,
கால்மாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது.
ஒன்று ஐம்பது விமானம் கேட்டது.
கண்ணாடி பல்லைக் கடித்தது.

காலையில் தூக்கக் குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு
அருளப்பனைக் கேட்டேன்,
ராத்திரி இரண்டே கால் வந்ததா?
பல் விளக்கியபடி எட்டிப் பார்த்தார்.
எது, என்றார்.