மெலி

பள்ளிப்பட்டு அரசு ஆஸ்பத்திரி, இரவு இரண்டரை.
நகரிப் பக்கமிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தாள்
ரெட்டெம்மா, விசைத்தறிக்காரி.
"மெலி பெடுதோந்தி" என்றாள்.
மெலிவென்று விளங்கிக்கொண்டு
எடை பார்த்தேன். ஐம்பத்தெட்டு.
சிரிக்கப் போய்ச் சுருண்டாள்.
அவர்கள் மெலி நம்முடைய முறுக்கு என்று
அப்புறம்தான் உறைத்தது.

கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் 'ரைத்' என்று எழுதிவிட்டு,
ஊசி வேலைசெய்யும்வரை
போனில் அகராதி பார்த்தேன்.
பழைய நாளில் அந்தச் சொல்லில் வலியே கிடையாதாம்.
கயிறு திரிப்பது, கட்டுவது, அவ்வளவுதான்.
எந்த நூற்றாண்டிலோ
முறுக்குகிற கை விலகிக்கொண்டது,
முறுகுகிற உடம்பு மாட்டிக்கொண்டது.
சவத்தின்மேல் வைக்கிற மலர்வளையம் அதற்குத் தங்கை முறை.
கடுங்கோபத்துக்கு அவர்கள் வைத்த பெயரும் சொந்தம்.
மணிக்கட்டும்கூட.

என் மணிக்கட்டில் அவள் ஐந்து விரல்,
நாலரை மணி வரை.
மறுகையில் போர்வை புரியேறிக் கயிறாகிக்கொண்டிருந்தது.
வாயிலிருந்து
ஒரு சத்தம் இல்லை.

காலையில் டாக்டர் சிவப்பு மையில் சுழித்தார்:
"முன்னால ஒரு டபிள்யூ விட்டுட்டீங்க, சிஸ்டர்.
காதுல விழாது.
ஆனா இருக்கு."