பதினெட்டுக்கு ஒன்று

வியாழக்கிழமை அல்தாவில் வேதியியல் தேர்வு.
மூன்றாவது முறை எழுதுகிறேன்.
கௌதோகெய்னோ இறைச்சிக்கூடத்தின் சாப்பாட்டு அறையில்
கெட்டில் இன்னும் கொதிக்கவில்லை.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
அட்டையில் பென்சிலால் போட்ட கோணல்மாணல் கோடு,
திருப்பத்துக்கு ஒரு கார்பன் என்று
விரல் வைத்து எண்ணுகிறேன்.
பதினாறு வரை ஒழுங்காக வருகிறது,
அதற்குள் யாராவது கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

ஸ்டியரிக்: பதினெட்டு கார்பன், இரட்டைப் பிணைப்பு கிடையாது,
உருகுநிலை அறுபத்தொன்பது.
ஒலியிக்: அதே பதினெட்டு,
ஒன்பதாவதில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு,
உருகுநிலை பதின்மூன்று.
தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன்.
ஏன் என்று கேட்டால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.
இரண்டே இரண்டு ஹைட்ரஜன் குறைந்ததற்கு
ஐம்பத்தாறு டிகிரி அபராதமா?

மாத்தே எலும்பு அறுக்கும் மேசைக்காரன்,
என்னைவிட ஏழு வயது சின்னவன்,
பள்ளியைப் பாதியில் விட்டவன்.
பனிமானின் பின்னங்கால் எலும்பை நீளவாக்கில் பிளந்து
மதியத்துக்கு வைத்திருந்தான்.
தொடைப்பக்கத்து மஜ்ஜை மெழுகுவர்த்தியாய் நின்றது,
கத்தி வைத்துப் பெயர்க்க வேண்டியிருந்தது.
குளம்பை நோக்கி இறங்க இறங்க அது தளர்ந்தது,
மினுங்கியது,
ரொட்டியில் தானாகவே பரவியது.
"ரிஸ்டன், கீழ்க்கொழுப்பைத் தின்று தீர்த்துவிடாதே,
பூட்ஸுக்கு வேண்டும். அதுதான் விறைக்காது."

ரொட்டி என் வாயருகே நின்றுவிட்டது.

ஒரே விலங்கு, ஒரே கால்.
மேலே, உடம்பின் கதகதப்பில்,
நேரான சங்கிலிகள்
அடுக்கிய விறகுபோல இடுக்கின்றி நெருங்கிக் கிடக்கின்றன.
கீழே, பனியை மிதிக்கிற இடத்தில்,
நடுவில் மடங்கியவை,
கட்டுக்குள் அடங்காத கோணல் சுள்ளிகள்.
குளிர் வந்து கட்டிப் பார்க்கிறது,
கயிறு வழுக்குகிறது.
அந்த ஐம்பத்தாறு டிகிரியும்
ஒரு மடிப்புக்குள் இருந்திருக்கிறது.

அன்றிரவு அட்டையின் பின்பக்கம் எழுதினேன்:
'ஒமேகா என்றால் குளம்பிலிருந்து எண்ணு.'

வியாழன்.
வினாத்தாளில் வந்தது சோப்பு.
கொழுப்பும் காரமும் சேர்ந்தால் கிடைப்பது என்ன,
சமன்பாடு தருக, ஆறு மதிப்பெண்.
அப்புறம் பார்க்கலாம் என்று
நான் மடித்து வைத்த பக்கம்.
கிளிசரால் வரைக்கும் தட்டுத்தடுமாறி வந்தேன்.
சோடியத்தை எங்கே உட்கார வைப்பதென்று தெரியாமல்
ஒரு மூலையில் நிறுத்திவைத்தேன்.

இருபது நிமிடம் மீந்தது.
யாரும் கேட்காத ஓர் எலும்பை
விடைத்தாளின் ஓரத்தில் வரைந்து
மேலே அறுபத்தொன்பது, கீழே பதின்மூன்று என்று குறித்தேன்.
பிறகு அடித்தேன்.
பிறகு, அடித்ததன் பக்கத்தில்
'இது செல்லும்' என்று எழுதினேன்.

பேருந்துக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
நிறுத்தத்தில் எல்லோரும் காலை உதறிக்கொண்டிருக்கிறார்கள்.
என் பூட்ஸ்
வளைகிறது.