கூழ் புளிக்கும் இரவு

மீட்டரில் பதினொன்று புள்ளி நான்கு.
வெள்ளிக்கிழமை வரைக்கும் அதுதான் எங்கள் வெளிச்சம்.
கீசரை அணைத்து ஒன்பது நாளாகிறது.
ஒரு வாளி வெந்நீரில் நான்கு பேர் குளிக்கிறோம்,
சின்னவள் முதலில்,
அவள் அப்பா கடைசியில்.
அதற்குள் அது வெந்நீர் என்பது வெறும் நம்பிக்கை.

ஷூ ஃபாக்டரியில் இனி வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று
வாசலில் தாள் ஒட்டியிருக்கிறார்கள்.
நான் தைக்கும் பூட்ஸ் எந்தக் கால்களுக்கோ போகிறது.
என் மகனின் ஷூவுக்குள்
பிஸ்கட் டப்பாவின் அட்டை.

நார்த்டேலில் ஜூலை.
புல்லெல்லாம் உப்புப் பூத்ததுபோல் உறைபனி.
ராத்திரி கொடியில் மறந்துவிட்ட சட்டை
காலையில் இரண்டு கையும் நீட்டி விறைத்து நிற்கிறது,
கடன்காரன் மாதிரி.
நாட்காட்டி மட்டும் ஆடி என்கிறது.

ஆடியில் அம்மனுக்குச் சூடு தணியக் கூழ் ஊற்றுவார்களாம்.
இங்கே அவளுக்கே பல் கிட்டுகிறது.
வேம்புக்குப் பதில் நாங்கள் கிளை ஒடிக்கும் சிரிங்கா மரம்
ஓர் இலை இல்லாமல்
மஞ்சள் கொட்டைகளோடு நிற்கிறது.
டர்பனில் பஸ் ஓட்டும் கொழுந்தன் பூபாலன்
கடலோரச் சூட்டில் தழைத்த வேப்பங்கொத்து ஒன்றை
சீட்டுக்குப் பின்னால் சொருகிக் கொண்டுவந்தான்.
டிக்கெட் எடுக்காமல் வந்த ஒரே பயணி.

"இந்த வருஷம் விட்டுடலாமா?"
சகாதேவன் என்னைப் பார்க்காமல் கேட்டார்.
மாவு டப்பாவைத் திறந்து காட்டினேன்.
அடியில் இரண்டு கிலோ சோளமாவு.
தெருவில் நாற்பது பேர்.
பூசணி இருக்கிறது, சந்தை மூடும் நேரத்தில் வாங்கியது,
ஒரு பக்கம் அடிபட்டது.
அந்தப் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டால்
மிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை.

பக்கத்து வீட்டுத் தோபேக்காவிடம் நான் கேட்கவே இல்லை.
ஐந்து கிலோ மாவுப் பை ஒன்றைச்
சுவர்மேல் வைத்துவிட்டு,
"வெங்காயம் நிறையப் போடு" என்றாள்.
போன வருஷம் நான் குறைத்ததை மறக்கவில்லை.

வியாழன் ராத்திரி அண்டாவில் மாவைக் கரைத்தேன்.
புளிக்க வேண்டும்.
புளிக்காத கூழ் சுவரொட்டிப் பசை.
குளிரோ, குழாயின் கழுத்தை நெரிக்கிற குளிர்.
ஹீட்டரில் அரை விரல் பாரஃபின்கூட இல்லை.
வீட்டில் கனத்த கம்பளி ஒன்றே ஒன்று,
புலிப்படம் போட்டது,
பிள்ளைகள் இரண்டும் அதற்குள்தான் தூங்கும்.

எடுத்து அண்டாவுக்குப் போர்த்தினேன்.

"அம்மனுக்குக் குளிருமா?" என்றான் மூத்தவன்.
"மாவுக்குக் குளிரும்" என்றேன்.

நான்கு பேரும் ஒரே கட்டிலில்.
கோட்டு, ஸ்வெட்டர், ஜன்னல் திரை,
கோயிலுக்கு மட்டும் கட்டும் என் பட்டுப்புடவை,
கையில் கிடைத்ததெல்லாம் மேலே.
ஒருவர் புரண்டால் பட்டு சரசரத்து
மற்ற மூவரையும் எழுப்பியது.

நாலரைக்கு விழித்தபோது சின்னவள் பக்கத்தில் இல்லை.
வாசல்கதவு தாழிட்டபடிதான் இருந்தது.
குளியலறையில் இல்லை.
சமையலறையில்,
கம்பளியின் ஓரத்தைத் தூக்கி உள்ளே நுழைந்து
அண்டாவைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள் தேஷ்னி.
புலியின் வாய்க்குக் கீழே
ஒரு சாக்ஸ் மட்டும் வெளியே.

மூடியைத் திறந்தேன்.
ஒன்றிரண்டு குமிழ்.
மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் மெல்லிய புளிப்பு.
யார் சூட்டில் யார் கிடந்தார்கள் என்று
கணக்குப் பார்க்க நேரமில்லை.
முற்றத்தில் பேலட் பலகை உடைபடும் சத்தம்.
விட்டுடலாமா என்று கேட்டவர்தான்,
வாயிலிருந்து புகைபோல ஆவி விட்டுக்கொண்டு
கோடாலியும் கையுமாக நிற்கிறார்.

மீட்டரில் இரண்டு புள்ளி ஒன்று.
சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்,
இன்னும் விடியாத இருட்டில்,
தோபேக்கா.
இந்த முறை என்னை நம்பாமல்
ஒரு பை வெங்காயத்தோடு.