நன்னடத்தைக்கு ஒரு மணி

டுலூத் நகரில் பிப்ரவரி.
ஏரி உறைந்து, விடுதிச் சன்னல்வரை வெள்ளை.
இரண்டாம் மாடி அரங்கில்
நிறுவன வழக்கறிஞர்கள் அறுபது பேர்,
கழுத்தில் பெயரட்டையும்
கையில் ஆறிய காபியுமாக.

மூன்று ஆண்டுக்கு நாற்பத்தைந்து மணி
படித்தாகவேண்டும். அதில் மூன்று, நன்னடத்தை.
மார்கிட் ஹாவிஸ்டோவுக்கு
இன்னும் ஒன்று பாக்கி.

காலையில் தரவுப் பாதுகாப்பு.
பிறகு செயற்கை நுண்ணறிவு;
எல்லோரும் திரையைப் படமெடுத்துக்கொண்டார்கள்.
உண்ட மயக்கம் கண்ணைச் சொக்கும் வேளையில்
அடுத்த தலைப்பு:
உங்கள் கட்சிக்காரர் யார்?

சிகாகோவிலிருந்து வந்த பெர்னெல் ஓட்வேக்கு
நல்ல குரல். "நிறுவனம்" என்றார்.
"நிறுவனம் மட்டுமே. மேலாளர் அல்ல, தலைவர் அல்ல,
நேற்று உங்களோடு கர்லிங் ஆடிய
கணக்காளரும் அல்ல."

இதைத் தமிழில் சொன்னால் நாக்கு சற்றுத் தடுக்கும்.
கட்சிக்காரர் என்று மரியாதையாகத் தொடங்கி
அது என்று முடிக்கவேண்டும்.
அஃறிணை.
கடன் வாங்கும், கையெழுத்திடும், வழக்காடும்,
இருமாது.

"ஒத்திகை பார்ப்போம். ஊழியராக நடிக்க ஒருவர் வேண்டும்."
கை எதுவும் உயரவில்லை.
பக்கத்தில் தெரிந்த பெயரட்டையைப் படித்து
"மார்கிட், நீங்கள் வாருங்கள்."

மேடையில் எதிரெதிராய் இரண்டு நாற்காலி.
"நான் நிறுவனத்தின் வழக்கறிஞர்,
உங்கள் வழக்கறிஞர் அல்ல.
நீங்கள் சொல்வது ரகசியம்தான், ஆனால்
அந்த ரகசியம் நிறுவனத்துடையது.
அது விரும்பினால் வெளியே சொல்லும்.
புரிந்ததா?"

மார்கிட்டுக்கு இது மனப்பாடம்.
நவம்பரில், பற்றவைப்புக் கூடத்துக்கு மேலே
கண்ணாடி அறையில் அவளே சொன்னாள்,
ஆரின் ஸ்கோக்லண்டிடம்.
பனி தள்ளும் வண்டிகளுக்கு அலகு செய்யும் ஆலை.
இருபத்திரண்டு வருட மேற்பார்வையாளர்.
மான் வேட்டைப் பருவம் வந்தால்
ஒரு முழம் தொத்திறைச்சியைச்
செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருவார்.
அன்றும் கொண்டுவந்திருந்தார்.

மேசைமேல் அது இருக்க
அவள் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திச் சொன்னாள்.
மருத்துவமனைப் படிவத்துக்குத் தலையாட்டுவதுபோல்
தலையாட்டினார்.
"சரி சரி, உன்னிடம்தானே சொல்கிறேன்."
பிறகு சொன்னார்:
எந்தெந்தச் சோதனைச் சீட்டில் தேதி பொய்,
போடச் சொன்னது யார், மொத்தம் எத்தனை அலகு.

நான்கு பக்கம் எழுதினாள்.
அது விரும்பியது.
டிசம்பர் பன்னிரண்டு காலை
அவருடைய அட்டைக்கு வாசல் திறக்கவில்லை.
போடச் சொன்னவருக்கு
வேறு கட்டடத்தில் வேறு பதவி.

"புரிந்ததா?" ஓட்வே மறுபடி கேட்கிறார்.
தலையாட்டவேண்டும், அவ்வளவுதான் வேடம்.

"புரியவில்லை" என்றாள் மார்கிட்.

அரங்கில் சிரிப்பு.
"அருமை! சிலர் இப்படித்தான்.
அப்போது என்ன செய்வீர்கள்?"
மறுபடி வாசித்துக் காட்டுவேன் என்றார் ஒருவர்.
சாட்சிக்கு ஆள் வைப்பேன் என்றார் இன்னொருவர்.
கடைசி வரிசையில் ஓர் இளம்பெண்,
"அவருக்கென்று ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லலாமா?"
"அதற்குத் தனியாக அரைநாள் வேண்டும்" என்றார் ஓட்வே.
இன்னும் பெரிய சிரிப்பு.

வெளியேறும் வாசலில் மதிப்பீட்டுப் படிவம்.
பேச்சாளர் தெளிவாக விளக்கினாரா?
ஐந்துக்கு ஐந்து.
கற்றதை எப்படிப் பயன்படுத்துவீர்கள்?
மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.
பேனாவை வைத்து, எடுத்து,
சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

வீட்டு உறைபெட்டியில், செய்தித்தாள் பிரிக்காமல்,
இன்னும் கிடக்கிறது அது.

வண்டி நிறுத்துமிடத்தில்
பனி தள்ளும் லாரி ஒன்று, எஞ்சின் ஓடியபடி நின்றது.
ஓட்டுநர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.
அலகின் ஓரத்தில் வரிசை எண் இருக்கும்;
எந்த மூலையில் என்று அவளுக்குத் தெரியும்.
நல்ல கோட்டோடு மண்டியிட்டாள்.
பனி அப்பியிருந்தது.
கையுறையால் துடைத்தாள்.