ஏழாவது இடம்

என் ஓட்டோவின் முதுகில் ஒட்டிய அட்டையில்
ஆறு இடங்கள், ஆறு விலைகள்.
எல்லாவில் எல்லா ஓட்டோவிலும் அதே ஆறுதான்.

மூன்று மணிக்குள் நாலை முடித்திருந்தோம்.
ஒன்பது வளைவுப் பாலத்தில்
வராத ரயிலுக்காக எண்பது பேர்
கையை உயர்த்தியபடியே நின்றார்கள்.
அவள் மட்டும் கீழே
இளநீர் வெட்டுகிறவனின் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயர் கேட்டேன்.
மாரிவிக் என்றாள்.
மாரி வரைக்கும் எனக்கு விளங்கியது.

பிலிப்பைன்ஸில் ஏதோவொரு கடலோர மாகாணம்.
ஊர்த் திருவிழாவில் மாதாவைப் படகில் ஏற்றுவார்களாம்,
பின்னால் வருகிற படகெல்லாம்
என்ஜினை அணைத்துவிட்டுத் துடுப்புப் போடுமாம்.
மீன்கூட அன்றைக்கு வழிவிடும் என்று சிரித்தாள்.
என் ஆங்கிலமும் அவள் ஆங்கிலமும்
ஒரே பள்ளத்தில் விழுந்து எழும்பின.

பன்னிரண்டு வருஷமாய் அதைப் போனில்தான் பார்க்கிறாளாம்,
குவைத்தில், சல்வாவில், ஒரு வீட்டில்
அயர்ன் பண்ணிக்கொண்டே.

பிரேக் பிடித்தேன்.
முன்னால் மாடும் இல்லை, மனுஷரும் இல்லை.
சல்வாவில்தான் என் தங்கச்சி தவமலரும்.
எந்த வீதி என்று கேட்க வாயெடுத்தேன்,
மூடிக்கொண்டேன்.
சல்வா என்ன எங்கள் லயமா,
ஒரு காம்பராவில் இருமினால் மறு காம்பராவில் கேட்க.

"இங்கே திருவிழா ஒன்றுமில்லையா?"
அட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.
இருக்கிறது, விலை போடவில்லை என்றேன்.

கீழ்ப்பிரிவில் அன்று இரவு காமன் எரிப்பு.
பாலம் உடைந்த இடத்தில் ஓட்டோவை விட்டு
கொழுந்து மலைக்குள் நடந்தோம்.
அட்டை கடிக்கும் என்று காட்டினேன்,
அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தாள்,
அது எதற்கென்று இன்னும் தெரியாது.

கரும்பும் ஆமணக்கும் கட்டிய கம்பம்.
நெருப்பில் காய்ச்சிய தப்பு.
ரதி வேஷம் கட்டியது
பெக்டரியில் கொழுந்து வாட்டும் அரியமுத்து,
பெண்சாதியின் கூறைச்சேலையில்,
கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்து.

சிவனின் கண் திறந்தது.
சீமெண்ணெயில் நனைந்த துணிப்பந்து
கம்பி வழியே வழுக்கி வந்து தொட
கம்பம் பற்றியது.
ரதி மண்ணில் விழுந்து புரண்டு அழுதான்,
அழுதாள்.

யார் எரிகிறது?
புருஷன்.
திரும்பி வருவானா?
மூன்றாம் நாள்.

அவள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டாள்.
"எங்களுக்கும் மூன்றாம் நாள்தான்."

விடிந்ததும் அவளுக்கு விமானம்.
ஏழாவது இடத்துக்கும் காசு நீட்டினாள்,
வாங்கவில்லை என்று சொல்ல ஆசை,
டீசலுக்கு மட்டும் வாங்கினேன்.

மூன்றாம் நாள் காமன் எழும்பினான்.
போனில் பிடித்துத் தவமலருக்கு அனுப்பினேன்:
சல்வாவில் மாரி என்றொருத்தி,
கண்டால் காட்டு.

இரவு இரண்டு மணிக்குப் பதில் வந்தது:
இங்கே மாரிகள் கனபேர், அண்ணா.
ரதி கையில் எதற்குக் கடிகாரம்?