மொட்டு விலை

செயலியில் மூன்றே கட்டங்கள்:
அரும்பு, மொட்டு, மலர்.
ஒவ்வொரு பிள்ளையையும் ஏதாவது ஒன்றில் போட வேண்டும்,
வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்,
டவர் கிடைத்தால்.

எலியார்பத்தி விலக்கிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே
எங்கள் ஒன்றியத் தொடக்கப்பள்ளி.
இரண்டு அறை, இரண்டு பேர்.
ஒன்றும் இரண்டும் ஜெபக்கனி டீச்சருக்கு.
மூன்று, நான்கு, ஐந்து எனக்கு,
ஒரே கரும்பலகையில் கோடு கிழித்து.

பதிவேட்டில் தனுஷ்யா, வீட்டில் இருளாயி.
நான்காம் வகுப்பு.
விடியுமுன் அம்மாவோடு மல்லிக்காட்டில் நின்றுவிட்டு
ஒன்பதே காலுக்கு விரல் மணக்க வருவாள்.
ஐந்தாம் வகுப்புக்கு நான் போடும் வகுத்தலை
முதுகு காட்டி உட்கார்ந்தபடியே காதில் வாங்கி
மீதியைச் சொல்லிவிடுவாள்.
அவளுடைய பயிற்சித்தாள் பதினொன்றேகாலுக்குத் தீர்ந்துபோகும்.
சாப்பாட்டு மணி வரைக்கும்
அவளை என்ன செய்வதென்று
எந்தக் கையேட்டிலும் எழுதவில்லை.

சாக்பீஸ் எடுத்துவரச் சொன்னேன்.
தொட்டி நிரம்பிவிட்டதா பார்க்கச் சொன்னேன்.
சத்துணவுக் கூடத்தில் முட்டை எண்ணச் சொன்னேன்.
இரண்டு வருடம்
இதுதான் என் சிறப்புப் பாடத்திட்டம்.

ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று
திரையை எட்டிப் பார்த்தாள்.
'நான் எதுல டீச்சர்?'
'மலர். அதுக்கு மேல கிடையாது.'
'பூத்துட்டா யாரு வாங்குவா?
மொட்டாப் பறிச்சாத்தான் மாட்டுத்தாவணில காசு.
விரிஞ்சதை எங்கம்மா வரப்புலயே கொட்டிரும்.'

தையில் சுற்றறிக்கை வந்தது.
தனித்திறன் மாணவர்க்குச் சனிக்கிழமை வகுப்பு,
வட்டார வள மையத்தில்.
பள்ளிக்கு ஒருவர்.
பயணப்படி பின்னர் வழங்கப்படும்.
தேர்வு, வட்டம் கறுக்கும் தாளில்.

சேராதது எது:
பேருந்து, ரயில், விமானம், மாட்டுவண்டி.
நாலு வட்டத்தையும் கறுத்து வைத்திருந்தாள்.
இயந்திரம் பூஜ்யம் போட்டது.
ஏன்டி இப்படி என்றேன்.
கூரைக்கு மேல் பெருங்குடி விமானம் ஒன்று
வயிறு தெரியப் போய் முடியும்வரை காத்திருந்தாள்.
'அது மட்டும் மேல போகுது.
வண்டி மட்டும் வைக்கோல் திங்குது.
ரயிலு மட்டும் நினைச்ச பக்கம் திரும்ப முடியாது.
பஸ்ஸுக்குத்தான் ஒண்ணுமே கிடைக்கல.
மூணுக்கும் காரணம் இருக்கையில
காரணமே இல்லாதது அதுதானே சேராதது?'

ஐந்தாம் வகுப்பு கவின்ராஜ் தேர்வானான்.
நல்ல பையன், நியாயமான தேர்வுதான்,
அவன் ஒரு கேள்விக்கு ஒரு வட்டம்தான் கறுத்தான்.
சனிதோறும் அப்பாவின் டி.வி.எஸ்ஸில் போனான்.
அவள் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்குப்
பூப் பறித்தாள்.

திங்கட்கிழமை அவன் பையில் ஜெராக்ஸ் தாள்கள்.
முதலில் சும்மா எட்டிப் பார்த்தாள்.
அடுத்த வாரம் கேட்டு வாங்கினாள்.
அதற்கடுத்த வாரம்
அவனாகவே கொண்டுவந்து நீட்டினான்,
போட முடியாத கணக்குகளைச் சிவப்பில் சுழித்து.
முட்டை எண்ண நான் வேறு ஆள் தேடினேன்.

மையத்திலிருந்து கடிதம்:
'தங்கள் மாணவர் கவின்ராஜின் சிந்தனை
வியப்பளிக்கிறது.'
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.
காதுமடல் சிவக்க அவன் என்னைப் பார்த்தான்.
நான் பலகையைத் துடைத்தேன்.

பங்குனியில் ஆய்வுப் படிவம்.
இத்திட்டத்தால் பயனடைந்தோர் எண்ணிக்கை?
இரண்டு என்று அடித்தேன்.
தவறான பதிவு, அனுமதி ஒன்று மட்டும்
என்றது சிவப்பு எழுத்து.
மறுபடி இரண்டு. மறுபடி சிவப்பு.
ஜெபக்கனி டீச்சர்
'ஒண்ணுன்னு போட்டுட்டுக் கிளம்புங்க, பஸ் போயிரும்' என்றார்.

பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள்
பஸ் என்ற சொல்லுக்குத் திரும்பினாள்.
'டீச்சர், அதுக்கும் கிடைச்சிருச்சு.
ஸ்டாப் இல்லாத இடத்துலயும்
எங்கம்மா கூடையத் தூக்கிக் காட்டுனா நிக்கும்.
ரயிலு நிக்குமா? பிளேன் நிக்குமா?'

வண்டி என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவளே நின்று
நெற்றியைச் சுருக்கினாள்.