பதினோராம் பக்கம்

கொக்குவில் சந்தியில், சைக்கிள் திருத்தும் கடைக்கு மேலே,
மரப்படி ஏறினால் மரியநாயகத்தின் வாடகைப் புத்தகங்கள்.
கிழமைக்கு முப்பது ரூபா.
காதில் செருகிய பென்சிலை எடுத்து
பின்னட்டையில் திகதி போடுவார்,
ஏழின் வயிற்றில் ஒரு கோடு கிழித்து.
"நான் உதொண்டும் வாசிக்கிறேல்லைத் தங்கச்சி.
பொடி எழுத்து. கண் பிடியாது."

நான் இரத்தம் சோதிக்கிறவள்.
ஆஸ்பத்திரி வீதியில், பகல் முழுக்க,
சீனி எவ்வளவு கொழுப்பு எவ்வளவு என்று
ஊராரின் முடிவுகளை
அவர்களுக்கு முந்தித் தெரிந்துகொண்டு
முகத்தை ஒன்றும் சொல்லாமல் வைத்திருப்பவள்.
அதனாலோ என்னவோ
இரவில் எனக்கு முடிவு தெரியாத ஒன்று வேணும்:
பூட்டிய அறை, நின்றுபோன மணிக்கூடு,
கடைசி அத்தியாயம் வரைக்கும் நல்லவராயிருக்கும் ஒரு டொக்டர்.

முதல் புத்தகம். பதினோராம் பக்க ஓரத்தில்
யாரோ பென்சிலால் எழுதியிருந்தது:
'கொன்றது சமையல்காரி. 207 பார்.'

புத்தகத்தை மூடிக் கட்டிலில் எறிந்தேன்.
பேந்து எடுத்தேன்.
அவள் உப்புப் போடும் இடமெல்லாம்
அவள் கையையே பார்த்தபடி வாசித்துப் போனால்
இருநூற்றேழில்
குசினிக் கதவுக்குப் பின்னால்
சமையல்காரி செத்துக் கிடக்கிறாள்.

அடுத்ததில் 'கணக்கப்பிள்ளை'. பொய்.
அதற்கடுத்ததில் 'இரட்டைத் தம்பி'.
அந்தக் கதையில் யாருக்கும் தம்பியே இல்லை.

யார் இந்தக் கள்ளன்?
நவரத்தினராசா மாஸ்டரா?
அவர் சிவப்புப் பேனை தவிர வேறெதையும் தொடமாட்டார்,
எழுத்துப் பிழைக்கு மட்டும்.
சலூன் காண்டீபனா?
அவன் எடுத்த புத்தகத்தில் ஐந்தாம் பக்கத்தோடு
கிறீம் வாசம் நின்றுவிடும்.
பல் கிளினிக் யூடித் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள்;
அப்படிப்பட்டவளுக்குப் பொய் எதற்கு?
மரியநாயகத்திடம் முறையிட்டேன்.
"ஆளைப் பிடிச்சால் சொல்லுங்கோ,
படியாலை உருட்டி விடுறன்" என்றார்.

ஆறு மாதத்தில் எனக்கொரு சூத்திரம் கிடைத்துவிட்டது:
பென்சில் யாரைக் காட்டுதோ அவர் சுத்தவாளி.
ஒருவரைக் கழித்துவிட்டு மிச்சப் பேரைச் சந்தேகிப்பேன்.
சுகமாயிருந்தது,
ஒரு பொய்யன் பக்கத்தில் இருந்து துணைக்கு வாசிப்பதுபோல.

மாரி. கரண்ட் இல்லை. மெழுகுதிரி.
'கொன்றது தபால்காரன். 177 பார்.'
சிரித்துக்கொண்டே அவனை விட்டுவிட்டேன்.
பாவம், நனைந்து நனைந்து வருகிறான்,
என் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி கொடுத்திருப்பேன்.
விதவையைச் சந்தேகித்தேன், வைத்தியரை, நாயைக்கூட.

நூற்றெழுபத்தேழில்
தபால் பையில் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

முதன்முதலாக உண்மை சொல்லி
என்னை ஏமாற்றியிருக்கிறது அந்தக் கை.

கரண்ட் வந்தது.
பதினோராம் பக்கத்துக்குத் திரும்பினேன், திட்டத்தான்.
177.
இரண்டு ஏழுக்கும் வயிற்றில் கோடு.

பின்னட்டையைப் புரட்டினேன்.
ஏழு. பதினேழு. இருபத்தேழு.
கோடு, கோடு, கோடு.
முதல் நாளே என் கண்ணுக்கு முன்னால்
காதில் செருகி வைத்திருந்த ஆயுதம்.

சனிக்கிழமை படி ஏறினேன்.
என்ன கேட்பது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது எல்லாம்
ஏழாவது படியோடு மறந்துபோனது.
புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.
"எப்பிடி, நல்லதோ?"
"தபால்காரனை நான் நம்பிப்போட்டன்."
"எனக்கென்ன தெரியும் தங்கச்சி" என்று
தூசி தட்டினார், தூசி இல்லாத அட்டையை.

புதிதாய் ஒன்று எடுத்து நீட்டினேன்.
காதிலிருந்து பென்சில் இறங்கியது.
திருப்பித் தரவேண்டிய நாள் இருபத்தேழு.
என் முகத்தை ஒருதரம் பார்த்தார்.
நான் இரத்த முடிவு கொடுக்கும் முகத்தை வைத்திருந்தேன்.

கோடு போடாமல் எழுதினார் ஏழை.